ஒரே ஒரு மார்க்

“மறுபடியும் முப்பத்துநாலா!”

கணக்கு டீச்சர் சிவப்புப் பேனாவை மேஜையில் போட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பாஸ் மார்க் முப்பத்தைந்து. இந்தப் பெண் ஏழாவது தடவையாக ஒரே ஒரு மார்க்கில் கோட்டை விட்டிருக்கிறாள்.

அந்த அரசுப் பள்ளியில் மாலை நான்கு மணிக்கு மேல் இரண்டு வகுப்புகள் நடக்கும். கணக்கில் பாஸாகாதவர்களுக்குத் துணை வகுப்பு. அவர்களுக்கு டீச்சர் அடியிலிருந்து சொல்லிக்கொடுத்து, தானே தயாரித்த பயிற்சித் தாள்களையும் கொடுப்பார்.

பாஸான கெட்டிக்காரர்களுக்குப் பக்கத்து அறையில் திறன் வகுப்பு. ஐஸ் குச்சியில் பாலம் கட்டுவார்கள், பேட்டரியில் வண்டி விடுவார்கள். அங்கே எழும் சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டி வந்து துணை வகுப்பின் வயிற்றெரிச்சலைக் கிளப்பும்.

‘முப்பத்துநாலு’ என்று பட்டப்பெயரே வாங்கிவிட்ட அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு மட்டும் வயிற்றெரிச்சல் கிடையாது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து கண்கொட்டாமல் கேட்பாள். வகுப்பு முடிந்து எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, இவள் மேஜையருகே வந்து நிற்பாள்.

“டீச்சர், இந்தச் சதவீதம் இன்னும் புரியலைன்னா, இதைவிடச் சுலபமா எப்படிச் சொல்றது?”

டீச்சரும் சளைக்காமல் வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பார். அவள் உதட்டுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, தலையாட்டிவிட்டுப் போவாள். அப்படிப்பட்டவள் வாங்குவது முப்பத்துநாலு!

ஏதோ உறுத்தவே, டீச்சர் விடைத்தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஏழாவது கணக்கில் சரியான விடையை எழுதி, ரப்பரால் அழித்து, அதன்மேல் தப்பான விடை. பத்தாவதிலும் அப்படியே. பழைய தாள்களைத் தேடி எடுத்தார். அத்தனையிலும் அதே திருட்டுத்தனம்.

மறுநாள் இடைவேளையில் அவளைப் பிடித்து நிறுத்தினார்.

“ஏண்டி, வேணும்னேதான் ஃபெயிலாகுறியா?”

பெண் தரையைப் பார்த்தாள். “பாஸாயிட்டா உங்க வகுப்புக்கு வரக்கூடாதில்ல டீச்சர்?”

டீச்சர் கோபப்படத்தான் நினைத்தார். ஆனால் உதடு தானாக விரிந்துவிட்டது. இருபது வருஷ சர்வீஸில் கணக்கு வகுப்பிலிருந்து தப்பிக்கக் காய்ச்சல் வரவழைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறார். தங்குவதற்காக ஃபெயிலானவளை இப்போதுதான் பார்க்கிறார்.

ஆசிரியர் அறைக்குள் அவர் நுழைந்த நடையே தனியாக இருந்தது. விஷயத்தைக் கேட்டதும், திறன் வகுப்பை நடத்தும் அறிவியல் சார் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“கணக்குக்கு ஒரு ரசிகையா! கொடுத்து வச்சவங்க நீங்க. ஆனா மாவட்டப் போட்டிக்கு இந்த மாதிரி ஒரு மூளையத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன். திங்கக்கிழமை பட்டியல் போகுது. ஃபெயிலான பொண்ணை எப்படிச் சேர்க்க முடியும்?”

“நாளைக்கு ஒரு மறுதேர்வு வைக்கிறேன் சார். இன்னைக்கே அவங்க அம்மாவை வரச் சொல்லிப் பேசிடுறேன்” என்றார் டீச்சர், தியாகம் செய்யும் குரலில்.

நாலேகாலுக்கு அம்மா வந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவின் நீலச் சீருடை, கையில் சாப்பாட்டுப் பை, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. மகள் ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“மன்னிச்சுக்கங்க டீச்சர். சூப்பர்வைசர் வேலைக்கான பரீட்சை ரிசல்ட்டை இப்பத்தான் ஒட்டினாங்க. கூட்டத்துல முண்டியடிச்சுப் பாத்துட்டு ஓடி வர்றேன்.”

டீச்சர் காதில் அது ஏறவில்லை. மதியத்திலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கினார்.

“உக்காருங்கம்மா. உங்க பொண்ணு மக்கு இல்லை. படு கெட்டிக்காரி. என்மேல இருக்குற பாசத்துல, என் வகுப்பை விட்டுப் போக மனசில்லாம, வேணும்னே ஃபெயிலாகிட்டு இருக்கா.”

“வேணும்னேவா?” அம்மா மகள் பக்கம் திரும்பினாள். “அடிப்பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி?”

“திட்டாதீங்க” என்று டீச்சர் அவசரமாகத் தடுத்தார். “பிஞ்சு மனசு. என்னைப் பிரியறது அவளுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். எனக்கு மட்டும் என்னவாம்? ஆனா நாளைக்கு மறுதேர்வுல அவ பாஸானாதான் போட்டிக்குப் போக முடியும். நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்.”

குரல் தழுதழுக்க, டீச்சர் கைக்குட்டையைத் தேடினார்.

பெண் அதையெல்லாம் கவனித்ததாகவே தெரியவில்லை. அம்மாவின் சீருடைக் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். “அதெல்லாம் அப்புறம் திட்டலாம்மா. ரிசல்ட்ல உன் நம்பர் இருந்துச்சா, இல்லையா?”

அம்மா கண்ணில் தண்ணீர் முட்ட, சிரித்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினாள்.

‘ஹே!’ என்று பெண் போட்ட கூச்சலில் பக்கத்து அறையே ஒரு நிமிடம் அமைதியானது. அம்மாவை இறுகக் கட்டிக்கொண்டு, டீச்சரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

“இனிமே நான் பாஸாகலாம் டீச்சர், என் ஸ்டூடண்ட் பாஸாயிட்டாங்க!”