கதவு வளையம்

'டிணங்...'

வாசல் கதவின் வெளிப்பக்கம் தொங்கும் இரும்பு வளையம்தான். யாரோ அதைப் பிடித்து ஆட்டுகிறார்கள்.

நிருபமா தாழ்ப்பாளிலிருந்து வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

இருட்டினால் போதும், இந்தச் சத்தம் வந்துவிடும். பெங்களூர் விவேக் நகரில் இந்த மாடி போர்ஷனுக்குக் குடிவந்த நாளாக இதே கதைதான். கணவன் கவியரசனுக்கு வைட்ஃபீல்டில் நைட் ஷிஃப்ட். சாயங்காலம் கேப் வந்து அவனை அள்ளிக்கொண்டு போனால், விடிந்துதான் கொண்டுவந்து விடும். அதுவரை அவளும் மகள் அனுஷாவும்தான்.

போதாக்குறைக்கு, மழையில் கதவு ஊதிப்போய் நிலையில் உட்கார மறுத்தது. தாழ்ப்பாள் ஒரு பக்கம், அது விழவேண்டிய ஓட்டை ஒரு பக்கம். கவியரசன் இருந்தால் தோளால் ஒரு முட்டு முட்டிப் போட்டுவிடுவான். இவள் ஒரு கையால் கதவை அழுத்தி, மறு கையால் தாழ்ப்பாளை நகர்த்துவதற்குள் வியர்த்துப்போகும். அந்த நேரம் பார்த்து வளையம் ஆடும். விலகி ஓடுவாள். அப்புறம் கேஸ் சிலிண்டரை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக் கொடுத்து, விளக்கை அணைக்காமலே படுப்பாள்.

யாரென்று அவளுக்குத் தெரியும். எதிர் போர்ஷன் அலெக்சாண்டர். பீன்யாவில் ஏதோ கம்பெனி. தனி ஆள். எண்ணெய்க் கறைச் சட்டை, சவரம் பார்க்காத முகம், எப்போதும் சிவந்த கண். குடிக்கிற ஆள்தான், சந்தேகமே இல்லை.

குடிவந்த அன்றே, "இந்தக் கதவு இருக்குதில்லம்மா..." என்று வந்து நின்றார்.

"அவர் வீட்ல இல்லீங்க" என்று முகத்துக்கு நேரே சாத்திவிட்டாள். தெரியாத ஆண்களிடம் வாசலில் நின்று பேச்சு வளர்க்கக் கூடாது என்று கான்வென்ட் சிஸ்டர்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த பெண். அதன்பிறகு அவர் இவளைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். குற்றமுள்ள நெஞ்சு!

சிலிண்டரை இழுத்துவந்து முட்டுக் கொடுத்துவிட்டு, கவியரசனுக்குப் போன் போட்டாள்.

"இன்னைக்கும் ஆட்டறாங்க."

"போலீஸைக் கூப்பிடு நிரு. நான் இங்கேருந்து கிளம்பினா மாரத்தஹள்ளி தாண்டறதுக்கே விடிஞ்சிடும்."

அவள் ஒன்று, ஒன்று, இரண்டு என்று அழுத்திவிட்டு, பச்சைப் பொத்தான் மேல் கட்டைவிரலை வைத்தாள்.

தரையில் சயின்ஸ் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு, "ஃபோர்ஸ்னா தள்றது, இல்லேன்னா இழுக்கறது" என்று உருப்போட்டுக்கொண்டிருந்த அனுஷா நிமிர்ந்தாள்.

"யாருக்கும்மா போன்?"

"போலீஸுக்கு. எதிர்வீட்டு ஆளு உள்ள வரப் பாக்கறான்."

"அவரா? அவர் கதவை வெளிப்பக்கமா இழுக்கறாரே."

"என்னடி உளர்றே?"

"நம்ம கதவு உள்பக்கமாத்தானே திறக்கும்? உள்ள வரணும்னா தள்ளணும். தள்றதுக்கு வளையம் எதுக்கும்மா? எவ்வளவு ஃபோர்ஸ்னு மட்டும் பாக்காதீங்க, எந்தப் பக்கம்னு பாருங்கன்னு எங்க மிஸ் சொல்லிட்டே இருப்பாங்க."

"வாயை மூடு. சிலிண்டர் முட்டுக் கொடுத்திருக்கு, அதான் தள்ள முடியல."

"அது காலி சிலிண்டர்மா. நானே தள்ளிடுவேன்."

கட்டைவிரல் பொத்தான் மேலேயே நின்றது.

நிருபமா போனை வைத்துவிட்டு, பூனை போல் கதவருகே போனாள். தாழ்ப்பாளைக் கொஞ்சம் நகர்த்தினாள். அது கிறீச்சிட்டது.

உடனே வெளியே 'டிணங்'. கதவு நிலையோடு போய் இறுக ஒட்டியது.

கையை எடுத்தாள். வளையமும் ஓய்ந்தது.

மறுபடி நகர்த்தினாள். மறுபடி 'டிணங்'.

இவள் தாழ்ப்பாளைத் தொடும்போதெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை கதவை இழுத்துப் பிடிக்கிறது. இவள் விட்டால் அதுவும் விட்டுவிடுகிறது.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அண்ணா..."

கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"அண்ணா, ஏன் இழுக்கறீங்க?"

"பயந்துட்டீங்களாம்மா?" குரல் தயங்கித் தயங்கி வந்தது. "மழை வந்தா இந்தக் கதவு இப்படித்தாம்மா. முன்ன இங்க இருந்த மமதா மேடமும் தனியாத்தான் இருந்தாங்க. நான் வேலை முடிஞ்சு வந்து இழுத்துப் பிடிச்சாத்தான் அவங்களுக்குத் தாழ்ப்பாளு விழும். சொல்லலாம்னுதான் அன்னைக்கு வந்தேன். நீங்க..."

"தெரியாமப் போச்சுண்ணா."

"பரவாயில்லம்மா. இருட்டுல ஒரு ஆம்பளை கதவுக்கு அந்தப்பக்கம் நின்னு பேசினா இன்னும் பயப்படுவீங்களேன்னு சும்மா இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒருநாளும் விழல. கொழந்தையை வெச்சுக்கிட்டு இருக்கீங்க, திறந்த வீடு. எனக்கு உள்ள போய்ப் படுக்க மனசு வரல. அதான், விடியற வரைக்கும் இந்தப் படியிலயே உக்காந்துக்கறது."

நிருபமாவுக்கு அந்தச் சிவந்த கண்கள் நினைவுக்கு வந்தன.

"அம்மா, நான் தள்றேன், அங்கிள் இழுக்கட்டும். ரெண்டும் ஒரே பக்கம், ஃபோர்ஸ் கூடும்" என்று அனுஷா கதவில் தோளைக் கொடுத்தாள்.

"இன்னொரு வாட்டி இழுங்கண்ணா" என்றாள் நிருபமா. "இன்னைக்காவது நீங்க உள்ள போய்த் தூங்கணும்."

'டிணங்.'

தாழ்ப்பாள் சடக்கென்று விழுந்தது.