திருச்செல்வத்தின் செல்வாக்கு

எதிரே வந்த பஸ், எந்த பஸ்ஸும் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தது. ஓரமாக ஒதுங்கி நின்று காருக்கு வழிவிட்டது. போதாக்குறைக்கு டிரைவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

"பாத்தியா ஹாஷிம்! யாருக்குடா இந்த மரியாத?" என்றார் திருச்செல்வம், முன்சீட்டில் இன்னும் ஓர் அங்குலம் நிமிர்ந்து.

"எனக்கில்ல மச்சான். போன மாசம் என்னய ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள்ள தள்ளிட்டுப் போனவன்தான் இவன்," என்றார் ஹாஷிம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

திருச்செல்வம் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தலைமை லிகிதர். பென்ஷன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஐயாவின் கண்ணோ பன்வில பிரதேச சபைக் கதிரையில் இருந்தது. வேலையை ராஜினாமா செய்யாமல் தேர்தலில் நிற்க முடியாது. வேட்புமனுவுக்கு நாளையே கடைசி நாள்.

"ஒங்களுக்கு யாரு ஓட்டுப் போடுவா? நீங்க வந்தா நம்ம வீட்டு நாயே எந்திரிக்காது," என்று மனைவி கமலம் காலையில் வாழ்த்தி அனுப்பியிருந்தாள். ஊர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வதென்று சிநேகிதனின் காரில் தொற்றிக்கொண்டார் மனுஷன்.

கார் என்றால், கறுப்பு மொரிஸ். வெள்ளைக்காரன் மூட்டை கட்டியபோது எனக்கு வேண்டாமென்று விட்டுப்போனது. கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது. பன்வில மகள் வீட்டுக்கென்று ஹாஷிம் வாங்கிய புது அலுமாரி, பொலிஷ் கெடாமல் வெள்ளைத் துப்பட்டி போர்த்திக் கூரையில் மல்லாந்து கிடந்தது. ஒரு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் காட்போட். மேடு வந்தால், இறங்கித் தள்ளுங்கள் என்று வண்டியே இருமிச் சொல்லும். வருங்காலத் தவிசாளர் போகும் வாகனமா இது என்று புறப்படும்போது திருச்செல்வத்துக்குக் கூசத்தான் செய்தது.

கூச்சமெல்லாம் குண்டசாலையோடு போயிற்று. சந்தியில் பொலிஸ்காரர் நாலு பக்கத்து வாகனங்களையும் நிறுத்திவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். மெனிக்கின்னவில் தேத்தண்ணிக் கடைக்காரன் பாய்ந்துபோய் ரேடியோவை நிறுத்தினான். கரம்போட் ஆடிக்கொண்டிருந்த இளவட்டங்கள் எழும்பி நின்றார்கள். அதில் ஒருத்தன் பீடியை அவசரமாக முதுகுக்குப் பின்னால் ஒளித்துச் சட்டையைச் சுட்டுக்கொண்டான். ரோட்டோரத்து மாடு ஒன்று அசைபோடுவதை விட்டுத் தலை குனிந்ததையும் திருச்செல்வம் தம் இரு கண்ணாலும் பார்த்தார்.

"மெதுவாப் போ ஹாஷிம். சனம் ஆசை தீரப் பாக்கட்டும்."

"இதுக்கு மேல மெதுவாப் போனா பின்னுக்குத்தான் மச்சான் போகணும். அது சரி, ஒருத்தனும் சிரிக்கிறானில்லயே? கை காட்டுறானில்லயே?"

"அதுக்குப் பேர்தான்டா பயபக்தி! மந்திரி வந்தாக் கை காட்டுவான். மனசுல இடம் குடுத்தவன் வந்தா தலைதான் குனியும்."

"அந்தா பாரு, அவன் கடையையே பாதி சாத்துறான்!"

"தேர்தல் அன்னிக்கு லீவு விடுறதுக்கு இப்பவே ஒத்திகை!"

இரண்டு பக்கமும் கும்பிட்டுக் கும்பிட்டுத் திருச்செல்வத்துக்குத் தோள்மூட்டு கழன்றது. கண் கலங்கியது. கலங்கிய கண்ணைக் கண்டு, வேலியோரம் நின்ற ஓர் அம்மாள் முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

வத்தேகம வந்தது. "தபால் கந்தோர்ல நிப்பாட்டு," என்றார்.

"அவசரப்படாத மச்சான். ஊட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு..."

"கமலத்துக்கிட்டயா? அவ நாய்கிட்ட கேட்டுச் சொல்லுவா. சனம் கூப்பிடுது ஹாஷிம், நான் போறேன்!"

தபால் கந்தோரில் கியூவில் நின்ற அத்தனை பேரும் வாசலில் நின்ற காரை ஒரு தடவையும் அவரை ஒரு தடவையும் பார்த்தார்கள். சத்தமில்லாமல் விலகி வழிவிட்டார்கள். போஸ்ட் மாஸ்டரே எழுந்து வந்து, குரலைத் தாழ்த்தி, "தந்திதானேங்க ஐயா?" என்றார்.

திருச்செல்வம் அசந்துபோனார். இன்னும் வாயே திறக்கவில்லை, மனசைப் படிக்கிறார்களே!

'இன்று முதல் ராஜினாமா. முடிவில் மாற்றமில்லை.' கந்தோருக்குத் தந்தி பறந்தது. வாசகத்தைப் படித்த போஸ்ட் மாஸ்டர் கொஞ்சம் விழித்தார். பிறகு, மனுஷனுக்கு இந்த நேரத்தில் எப்படித்தான் வேலை ஓடும் என்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

பன்வில மேட்டில் மொரிஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வந்து காரைச் சூழ்ந்தார்கள். முன்னால் நின்றவர் பொன்னையா, தோட்டத்துப் பழைய கங்காணி. அவர் கையில், அவசரமாகக் கட்டிய செவ்வந்தி மாலை.

"மாலையே வந்திருச்சுடா!" என்று ஹாஷிமின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, கயிற்றை அவிழ்த்து, கதவைத் திறந்து, திருச்செல்வம் இறங்கினார். தொண்டையைச் செருமினார். தம் வாழ்க்கையின் முதல் அரசியல் மாலைக்குக் கழுத்தை நீட்டினார்.

மாலை அவர் தலைக்கு மேலாகப் போயிற்று. பொன்னையா எக்கி அதைக் கார்க் கூரையில் வெள்ளைத் துப்பட்டியின் மேல் வைத்து, இரண்டு கையாலும் கும்பிட்டார். பிறகு திரும்பித் திருச்செல்வத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, தழுதழுத்த குரலில் கேட்டார்:

"அடக்கம் எத்தன மணிக்குங்கய்யா?"