சிக்னலில் நின்ற கார்

"போலீஸ் துரத்தும்போது சிக்னல்ல நிக்கிறவனை எங்கேயாவது பார்த்திருக்கியா, தம்பி?"

சார்ஜென்ட் பிரென்னன் தன் செல்போனை டீ மேசையின்மேல் வைத்தார். கேலம் குனிந்து பார்த்தான். பத்தொன்பது வயது. ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள். சோபாவின் ஓரத்தில் அவன் அம்மா லியோனி, ஆறிப்போன டீயைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

போன் திரையில் வீடியோ கேம். மஞ்சள் கார் ஒன்று பறந்தது. பின்னால் மூன்று போலீஸ் கார்கள். நாற்சந்தியில் சிவப்பு விழுந்ததும் மஞ்சள் கார் சமர்த்தாக நின்றது. மூன்று போலீஸ் கார்களும் வந்து அதை அப்பளமாக நொறுக்கின.

"நேத்து சாயங்காலம் ஏழு மணிக்கு நடந்த ஆட்டம். உன் சிநேகிதன் ரீஸ், அவன் வீட்டிலேர்ந்து ஆடினான். மஞ்சள் கார் உன்னுது. விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டே இதைக் கொடுத்தான்."

"அதைத்தானே சார் நானும் சொல்றேன்? ஏழு மணிக்கு நான் வீட்டில இருந்தேன். ஆடிக்கிட்டிருந்தேன்."

"உன் பேர்ல யாரோ ஆடியிருக்காங்க. ரீஸ்கூட பேசினியா?"

"மைக் கெட்டுப்போச்சு."

"நல்ல நேரம் பார்த்துக் கெட்டிருக்கு."

அதே ஏழு மணிக்குத்தான், மோர்வெல் கடைத்தெருவில் குடித்திருக்கிறார்களா என்று ஊதச் சொல்லி நின்ற போலீஸைப் பார்த்ததும், இவர்கள் வீட்டு நீலக் கார் சட்டென்று திரும்பி ஓட்டம் பிடித்தது. போலீஸ் துரத்தியது. வேகம் எகிறியதும், துரத்தலை விடச் சொல்லி ரேடியோவில் உத்தரவு. போலீஸ் கார் ஓரம் கட்டிவிட்டது. நீலக் கார் நிற்கவில்லை. இரண்டு தெரு தள்ளி, குப்பைத் தொட்டியை வெளியே உருட்டி வந்த மனிதரைத் தூக்கியடித்துவிட்டுப் போனது. பிறகு ஓடைக்கரையில் காலியாகக் கிடந்தது. ஓட்டியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. கறுப்பு ஹூடி, தலையை மூடியிருந்தது. அவ்வளவுதான். கேலமின் கறுப்பு ஹூடி வாசற்கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்த மனுஷன்... இப்போ எப்படி இருக்கார்?" லியோனி கேட்டாள்.

"காலைல போயிட்டார். அவருக்கு ரெண்டு சின்னப் பொண்ணுங்க."

கோப்பை தளும்பி டீ அவள் மடியில் சிந்தியது. அவள் துடைக்கவில்லை.

பிரென்னன் பெருமூச்சு விட்டார். "நானும் இந்த ஆட்டம் ஆடுறவன்தான். பகல் பூரா துரத்துறேன், வீட்டுக்குப் போய் ஓடுறவனா உட்கார்ந்துடறேன். என் பொண்டாட்டி தலையில அடிச்சுக்குவா. என்ன பண்றது, அதுல ஒரு சுகம். அபராதம் கிடையாது, மேலதிகாரி கிடையாது. மோதினா மூணு விநாடில புதுக் கார். யாரும் சாகறதில்லை. சிக்னலை மதிக்கணும்னா அதை எவன் ஆடுவான்? இந்த மஞ்சள் காரை ஓட்டினது ஒரு அம்மாவாத்தான் இருக்கணும்."

அவர் லியோனியைப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. புள்ளை வீட்டில இருந்ததா காட்டணும். அதுக்காக பட்டனைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. எந்த அம்மாவும் செய்யறதுதான்."

"நான் தலைவலின்னு... உள்ளே படுத்திருந்தேன்."

"சரி. தம்பி, ஒரே ஒரு ஆட்டம் ஆடிக் காட்டு. நீ நிஜமாவே சிக்னல்ல நிக்கிற ஆளுன்னா, மன்னிப்பு கேட்டுட்டுப் போயிடறேன். அப்புறம் அந்தக் காரை எடுத்தது வேற யார்னு தேடறேன்."

கேலம் அம்மாவைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்து டிவியைப் போட்டான்.

மஞ்சள் கார் சீறிக் கிளம்பியது. சைரன் சத்தம் அந்தச் சின்ன ஹாலை நிறைத்தது. முதல் நாற்சந்தி. மேலே சிவப்பு. லியோனி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

சைரன் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது கார் சந்திப்பைத் தாண்டியிருந்தது. அடுத்த சிவப்பு, அதற்கடுத்த சிவப்பு, நடைபாதை, பழக்கடை, எதிர்வந்த லாரி. கேலம் எதற்கும் நிறுத்தவில்லை. லியோனி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"போதும், நிறுத்து" என்றார் பிரென்னன். அவர் குரலில் வெற்றி இல்லை.

கேலம் திரும்பாமலே சொன்னான். "நான்தான் சார் காரை எடுத்தேன். அம்மாவை ஆட உட்கார வெச்சதும் நான்தான். அவங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"அப்படித்தானா, லியோனி?"

அவள் தரையைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள். கடைசியில், மெல்லத் தலையாட்டினாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டு வா, தம்பி. வாசல்ல இருக்கேன்." பிரென்னன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கேலம் அம்மாவை இறுகக் கட்டிக்கொண்டு, அவள் காதோரம் கிசுகிசுத்தான்.

"நான் எப்பவுமே சிக்னல்ல நின்னுதான் ஆடுவேன்னு ரீஸ் யார்கிட்டயும் உளறிடாம பார்த்துக்கோம்மா. அப்புறம், உன் கால்ல விழறேன், இனிமேலாவது குடிச்சிட்டு காரை எடுக்காதே."