புது ஊசி

மழைக்கு இருண்டுபோன தையல்கூடத்தில் காலையிலேயே விளக்குகள் எரிகின்றன. கணவன் இறந்து நான்கு மாதம் கழித்து, காலர் தைப்பவள் இன்றுதான் வேலைக்கு வந்திருக்கிறாள். என்ன கேட்பதென்று தெரியாமல் எல்லோரும் துணிக்குள் முகம் புதைத்திருக்கிறார்கள். அவள் மெஷினின் உறையை விலக்குகிறாள். தூசியே இல்லை, தொட்டதும் சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது, விரலில் எண்ணெய் ஒட்டுகிறது. "துரு ஏறிடும்னு தினமும் கொஞ்சம் ஓட்டிவெச்சேன்" என்கிறாள் எதிரே பொத்தானுக்குக் காஜா எடுப்பவள், தலையைத் தூக்காமல். ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்று தொடங்கிய சண்டையில் இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. "இந்த இடத்துக்கு வேற ஆளப் போடப் பாத்தாரு சூப்பர்வைசர். நீ வந்துடுவேன்னு சொல்லிட்டேன்." தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. காலர்காரி நூல் கோத்து நான்கு தையல் ஓட்டுகிறாள். நூல் அறுந்துபோகிறது. குனிந்து பார்க்கிறாள். "புது ஊசியத் திருப்பிப் போட்டிருக்கியேடி." "நூல் கோக்காம ஓட்டுன எனக்கு அது எப்படித் தெரியும்?" காலர்காரியின் தொண்டையிலிருந்து சின்னதாக ஒரு சிரிப்பு வெளிவருகிறது, அந்தச் சத்தம் அவளுக்கே புதிதாக இருக்கிறது. ஊசியைக் கழற்றத் திருப்புளியை எடுக்கிறாள், திருகு இறுகிக் கிடக்கிறது. மற்றவள் எழுந்து வந்து, அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து, மெல்லத் திருகைத் தளர்த்துகிறாள்.