ஒயினுக்கு ஏற்ற கறி

"ஏனுங்க, இன்னைக்குக் கிருத்திகை. இன்னைக்குப் போயி ஊட்டுல ஆட்டுக்கறியா?" கணவர் கந்தப்பனிடம் கேட்டாள் தெய்வாத்தாள்.

"ஆர்டரை முருகனா குடுக்கப்போறாரு? இன்னைக்குச் சாப்பிட வர்ற இத்தாலிக்காரர்தானுங்க குடுக்கோணும்!" என்றார் ஏஜெண்ட் தண்டாயுதபாணி. "சாப்பாட்டோட ஒயின் இல்லாம அவரு வியாபாரம் பேச மாட்டாருங்க. அவங்க ஊர் வழக்கம் அப்படி. பாட்டிலை அவரே கொண்டாறாரு. மதுவிலக்கு இருந்தாலும் வெளிநாட்டுக்காரருக்குப் பர்மிட் உண்டு, போலீஸ் பயமெல்லாம் வேண்டாம்."

கந்தப்பன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய பனியன் கம்பெனியில் இரண்டு மாதமாக மெசின்கள் சும்மா கிடக்கின்றன. இந்த ஆர்டரும் கை நழுவினால் பூட்டுப் போட வேண்டியதுதான். ஆயுசில் கள்ளைக்கூட முகர்ந்து பார்க்காத மனிதர், முருகன் படத்தைக் கழற்றி அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தார்.

"என்ன ஆக்கோணும், சொல்லுங்க."

"அது மூணு ஜாதித் திராட்சை கலந்த சிவப்பு ஒயினுங்க முதலாளி. புளி ஆகாது, மீன் ஆகாது. கொழுப்போட ஆட்டுக்கறி, மிளகு தூக்கலா. கோழியை நல்லெண்ணெயில சுருள வறுத்துருங்க. ஈரலும் இருந்துட்டுப் போகட்டும்."

"நூல்ல கலப்புன்னா மூஞ்சில வீசறாங்க. இதுல கலப்புத்தான் ஒசத்தியாக்கும்!" முணுமுணுத்தபடி தெய்வாத்தாள் அடுப்படிக்குப் போனாள்.

"எம் பொண்ணு ஞானாம்பாள் கோயமுத்தூர்ல காலேஜு படிக்குதுங்க, லீவுக்கு வந்திருக்குது. இங்கிலீசு பேசும். கூட இருக்கட்டுங்களா?" என்று கேட்டார் கந்தப்பன்.

"வியாபாரப் பேச்சுல பொம்பளைப் புள்ளை எதுக்குங்க? பேசறதுக்குத்தான் நான் இருக்கறனே."

மதியம் இத்தாலிக்காரர் வந்தார். கைகூப்பி வணங்கி, பாட்டிலை மேசையில் வைத்தார். தண்டாயுதபாணி தன் பையிலிருந்த திருகியால் கார்க்கைப் பிடுங்கி மூன்று டம்ளர்களில் ஊற்றினார்.

"எனக்கு வேண்டாமுங்க," கந்தப்பன் கிசுகிசுத்தார்.

"சும்மா முன்னால வெச்சுக்குங்க. அவருக்குத் துணைக்கு நான் குடிச்சுக்கறேன்."

இத்தாலிக்காரர் டம்ளரைத் தொடவே இல்லை. கந்தப்பனின் டம்ளரையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க குடிக்க மாட்டேங்கறாரு?"

"ஆட்டுக்கறியில மிளகு பத்தலையாட்ட இருக்குது. கோழியைக் கொண்டாரச் சொல்லுங்க."

கோழி வந்தது. ஒரு துண்டைக் கடித்துவிட்டு இத்தாலிக்காரர் மறுபடியும் கந்தப்பனையே பார்த்தார்.

"இதும் சேரலீங்க. ஈரல்!" என்றபடி தண்டாயுதபாணி தன் டம்ளரை நிரப்பிக்கொண்டார். கோழித் தட்டும் அவர் பக்கமே நகர்ந்தது. "எப்படித் தின்னோணும்னு நாமதான் காட்டோணுமுங்க."

ஈரலும் வந்தது. இத்தாலிக்காரர் வெறும் சோற்றைப் பிசைந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆர்டர் காகிதங்கள் இருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

கந்தப்பன் அந்தப் பையையே பார்த்தார். சாமி படத்தையும் கழற்றி, கிருத்திகை அன்றைக்குக் கறியும் ஆக்கி, கடைசியில் ருசி சேரவில்லை என்று எழுந்து போகப்போகிறாரே!

"அம்மிணி, தயிராச்சும் கொண்டா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

கை கழுவத் தண்டாயுதபாணி தள்ளாடியபடி புறக்கடைக்குப் போனார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், இத்தாலிக்காரர் முன்னால் சாய்ந்து தணிந்த குரலில் ஏதோ கேட்டார். கந்தப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. "தப்பா நெனச்சுக்காதீங்க சாமி" என்று கும்பிட்டார்.

தயிர்க் கிண்ணத்தோடு வந்த ஞானாம்பாள் அப்படியே நின்றாள். ஆங்கிலத்தில் அவரை ஏதோ கேட்டாள். அவர் பாட்டிலைக் காட்டி, கூச்சத்தோடு நீளமாகப் பதில் சொன்னார்.

"என்ன கண்ணு? ஆர்டர் இல்லீங்கறாரா?"

"அவரு குடிக்கறதே இல்லீங்களாமாப்பா. ஒயினும் கறியும் இல்லாம திருப்பூர்க்காரங்க ஆர்டர் பேச மாட்டாங்கன்னு ஏஜெண்ட் சொன்னாருன்னு பர்மிட் போட்டு வாங்கியாந்தாராமா. நீங்க ஒரு வாய்கூடத் தொடலீங்கவும், அவரு ஆர்டர் உங்களுக்கு வேண்டாமோன்னு பயந்துக்கிட்டு உக்காந்திருக்காருங்க!"