அப்பா எப்படி நடந்தார்?

"டாக்டர், என் தம்பிக்கு இந்த வியாதி வந்ததுக்கு இவதான் காரணம்."

உட்காருவதற்கு முன்பே போட்டு உடைத்துவிட்டேன். தம்பி பொண்டாட்டி வாயே திறக்கவில்லை. எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி கடைகளுக்குப் போர்டு எழுதுகிற பெயின்டர். ஆறு மாதத்துக்கு முன்னால் பிரஷ் கையைவிட்டு நழுவ ஆரம்பித்தது. இப்போது சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை. தசைகளை ஆட்டிவைக்கிற நரம்புகள் செத்துக்கொண்டே வருகின்றனவாம், குணப்படுத்த மருந்து கிடையாதாம்.

அந்த நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு என்னை அழைத்து வந்திருக்கிறாள். பொறுப்பைப் பாருங்கள்.

"சொந்தக் கடை வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா டாக்டர். அதுக்காக மூணு வருஷம் பெயின்ட், தின்னர் நெடியிலேயே கிடந்தான்."

"அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. நிறைய பேருக்கு இது ஏன் வருதுன்னே தெரியறதில்ல."

"எனக்குத் தெரியும். போன வாரம் இவ என்ன கேட்டா தெரியுமா? 'அண்ணி, மாமா கடைசியில எப்படி நடந்தார், பேச்சு குழறுச்சா'ன்னு. எங்கப்பாவைக் குடிகாரன்னு தெருவே சிரிச்சது போதாதா? இவளும் கிளறணுமா?"

அப்பா ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. ஆனாலும் தள்ளாடினார், பேச்சு குழறியது, ஒரே வருஷத்தில் போய்விட்டார்.

டாக்டர் பேனாவை மூடினார்.

"அதைக் கேட்கச் சொன்னது நான்தான்."

"எதுக்கு?"

"சில குடும்பங்கள்ல இது பரம்பரையா வரும். உங்க தம்பி ரத்தப் பரிசோதனையில அது தெரிஞ்சிருக்கு. உங்ககிட்ட சொல்லச் சொல்லி அவரே கேட்டுக்கிட்டார். உங்கப்பாவுக்கும் இதுவா இருந்திருக்கலாம்."

"அப்போ... எனக்கு?"

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதைப் பேசத்தான் இன்னிக்கு. இந்த அப்பாயின்ட்மென்ட் உங்க தம்பிக்கு இல்லம்மா, உங்களுக்கு. பத்து நாள் முன்னாடியே இவங்க வந்து வாங்கினாங்க."

பத்து நாள். இந்தப் பத்து நாளும் வாய்க்கு வந்தபடி இவளைத் திட்டியிருக்கிறேன்.

"ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தா என் வாய் அடைஞ்சிருக்குமே. ஏன்டி சொல்லல?"

என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சண்டைக்கு நடுவுல சொல்லியிருந்தா, அது சாபம் விட்ட மாதிரி ஆயிருக்கும் அண்ணி."