அரை மணிக்கு ஒரு தடவை

“என் தம்பி உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்கான். உங்க நர்ஸு என்னடான்னா எப்பப் பார்த்தாலும் வாட்சைப் பாக்கறாங்க” என்றாள் அக்கா.

மேற்பார்வையாளர் பேனாவை மூடி வைத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. புகார் என்றாலே அவருக்குப் பயம்.

“விவரமா சொல்லுங்கம்மா.”

“அரை மணிக்கு ஒரு தடவை வர்றாங்க. அவன் விரல் நகத்தை நல்லா அழுத்தறாங்க. விட்டுட்டு வாட்சைப் பாக்கறாங்க. போர்வையை விலக்கி முழங்காலைத் தடவிப் பாக்கறாங்க. மறுபடியும் நகம், மறுபடியும் வாட்ச். வீட்டுக்குப் போற அவசரம் போல. மயக்கத்துல இருக்கறவன்னா வலிக்காதா?”

“அவங்களையே கேட்டீங்களா?”

“கேட்டேனே. ரத்தம் ஓடுதான்னு பாக்கறாங்களாம். அதைச் சொல்லத்தான் தலைமாட்டுல அவ்வளவு பெரிய மெஷின் இருக்கே. பிரஷர் நூத்திப் பத்துன்னு எனக்கே தெரியுது. யார் காதுல பூ சுத்தறாங்க?”

மின்சார ஆபீசில் முப்பது வருஷம் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் அக்கா. ஊரார் புகாரையெல்லாம் வாங்கி வாங்கிப் பழகிய கை, எழுத ஆரம்பித்தால் லேசில் நிற்காது. ஒன்றரைப் பக்கம் எழுதி, கீழே அடிக்கோடிட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவளுக்கு வேதவாக்கு. வாய் இல்லாமல் கிடக்கிற தம்பிக்கு அவள்தானே வாய். அம்மா போன பிறகு அவனைத் தோளில் போட்டு வளர்த்தவள். காலில் ஆணி குத்தின புண்ணை அவன் அலட்சியமாக விட்டு, அது சீழ் பிடித்து, விஷம் ரத்தத்தில் ஏறி, இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவளுக்கென்று வேறு யாரும் கிடையாது.

பத்து மணிக்குள் அந்த நர்ஸை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது அவள் மாற்று நர்ஸிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அக்காவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“வீட்டுக்காரங்க ஆட்சேபம் பண்றாங்க. பார்த்து நடந்துக்கோ” என்று மேற்பார்வையாளர் மாற்று நர்ஸை எச்சரித்துவிட்டுப் போனார்.

அவள் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டாள். மெஷின் காட்டின எண்ணைக் குறித்தாள், மருந்துப் பையை மாற்றினாள். ஒரு முறை தம்பியின் கைப்பக்கம் விரலைக் கொண்டுபோனாள். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அந்தக் கை போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பிவிட்டது.

‘சொன்னால்தான் வழிக்கு வருகிறார்கள்’ என்று நினைத்துக்கொண்டாள் அக்கா. மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். மெஷினை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே தம்பியின் விரலைப் பிடித்து நகத்தை அழுத்தினார். நகம் வெளுத்தது. விட்டுவிட்டு எண்ணினார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு.”

நகம் வெள்ளையாகவே இருந்தது. ஏழு, எட்டு என்று போன பிறகுதான் மெல்லச் சிவப்பு திரும்பியது. டாக்டர் போர்வையை விலக்கினார். முழங்காலைச் சுற்றி ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தது.

“என்ன டாக்டர்? பிரஷர் நல்லாத்தானே இருக்கு?”

“மெஷின் பெரிய ரத்தக் குழாயோட கதையைத்தான் சொல்லும்மா. மயிரிழை மாதிரி சின்னச் சின்னக் குழாய் இருக்கே, அதுங்க கெட்டுப்போய் ரத்தம் நின்னுட்டா அதுக்குத் தெரியாது. நகத்தை அழுத்தி விட்டா, போன நிறம் எத்தனை செகண்டுல திரும்புதுன்னு வாட்சை வெச்சு எண்ணணும். அதுலதான் தெரியும்.”

வாட்ச் என்ற சொல்லில் அக்கா டாக்டரை விட்டுத் தம்பியின் நகத்தைப் பார்த்தாள்.

டாக்டர் அட்டவணையைப் புரட்டினார். எட்டு மணிக்கு மூன்று செகண்டு. எட்டரைக்கு மூன்றரை. ஒன்பதுக்கு நாலு. ஒன்பதரைக்கு நாலரை. அதோடு சரி. கீழே கட்டங்கள் எல்லாம் காலி.

“ஏறிக்கிட்டே வந்திருக்கு. பதினோரு மணிக்கே எனக்குச் சொல்லியிருந்தா மருந்தை மாத்தியிருப்பேன். இப்ப கிட்னி ரெண்டும் நின்னுடுச்சு. பாக்கலாம்மா, உறுதியா எதுவும் சொல்றதுக்கில்லை.” பிறகு மாற்று நர்ஸின் பக்கம் திரும்பினார். “நாலு மணி நேரமா ஏன் யாரும் பாக்கலை? அந்த நர்ஸ் எதுவும் எழுதி வெச்சிட்டுப் போகலையா?”

“எழுதியிருக்காங்க டாக்டர்.”

அவள் நோட்டை நீட்டினாள். டாக்டர் படித்தார். அதை அக்காவிடம் கொடுத்தார். அக்காவின் கண்ணாடிக்குள் எழுத்துகள் ஆடின.

‘நகத்தில் நிறம் திரும்பும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. அரை மணிக்கு ஒரு தடவை கட்டாயம் பார்க்கவும். இவருடைய அக்கா ரொம்பப் பயந்துபோயிருக்கிறார். பாவம், அவர் மேல் கோபப்பட வேண்டாம். அவர் எதிரில் அழுத்தவும் வேண்டாம். டீ குடிக்கவோ முகம் கழுவவோ அவர் எழுந்து போகும்போது பார்த்துக் குறித்துவிடவும்.’

“இவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்களே, அப்புறம் என்ன?” என்றார் டாக்டர்.

மாற்று நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவங்க தம்பியை விட்டு ஒரு நிமிஷம்கூட நகரலை டாக்டர்.”